நாலாம் வரிசைச் சோளம்

தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம், சும்மா விட்டாலே சோளம் ஆள் உயரம் வளரும் என்று நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, நீல அட்டையில் என் பெயரைப் பொன்னிற எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தவள் நான். இத்தனை வருஷத்தில் இதை வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை எனக்கே சொல்லிக்காட்டுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எம்.எஸ்சி. தாவரவியல், கடைசி செமஸ்டர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. மே மாத முடிவுக்குள் ப்ராஜெக்டை முடித்து, பாஸ் செய்த காகிதத்தோடு வந்து சேரவேண்டும். நான் அதற்குள் அந்த ஊர்க் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். (கோயம்புத்தூரில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவளுக்கு திண்டிவனம் தாண்டினாலே ஊட்டிதான்.)

ப்ராஜெக்ட் தலைப்பைக் கைடு மேடம் கொடுத்தார்: சோளத்தின் வளர்ச்சியில் பாசனமும் தழைச்சத்தும். வகுப்பில் மற்றவர்களெல்லாம் ஏசி அறையில் கண்ணாடிக் குப்பிக்குள் எதையோ வளர்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் சோளம், யூரியா, வெயில். கல்லூரித் தோட்டத்தில் இடம் கேட்டேன். அங்கே முதல்வரின் ரோஜாக்கள் இருந்ததால் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தேன்.

மூன்று மாடிக் கட்டடம். லிப்ட் உண்டு, ஆனால் அது மொட்டைமாடிக்கு வராது. இருபது செடிப் பைகளுக்கான செம்மண்ணையும் மணலையும் அந்தக் கடைசிப் படிகளில் நானும் அம்மாவும் சுமந்தோம். ஐந்தாவது மூட்டையில் அம்மா கேட்டாள், "கதிர் வந்தா பீச்ல சுட்டுத் தராங்களே, அந்த மாதிரி மிளகாய்ப்பொடி தடவிச் சாப்பிடலாமா?"

"அம்மா, அது மக்காச்சோளம். இது வெள்ளைச் சோளம். தானியம்."

"அப்ப எதுக்குடி இவ்ளோ கஷ்டப்படற?" என்றாள். அந்தக் கேள்வியை நான் அப்போதே உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

திட்டம் எளிமையானது. இருபது பைகள், நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து. முதல் வரிசைக்குத் தினமும் வயிறு நிறையத் தண்ணீர், யூரியாவும் உண்டு. இரண்டாம் வரிசைக்குத் தண்ணீர் மட்டும். மூன்றாம் வரிசைக்கு யூரியா மட்டும், தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை. நாலாம் வரிசைக்கு யூரியா கிடையாது, தண்ணீரும் அதே பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரே ஒரு டம்ளர். முதல் வரிசையை மழைநீர்க் குழாய் ஓரமாக வைத்தேன். நாலாம் வரிசைக்குக் கதவுப் பக்கம்தான் இடம் மிச்சமிருந்தது. மாடிக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதை நான் கவனிக்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் விதைத்தேன். தினமும் காலையில் வெள்ளைக் கோட் மாட்டிக்கொண்டு அளவு நாடாவோடு மாடிக்குப் போவேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு அம்மாள் என்னை டாக்டர் என்று நினைத்துத் தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டாள். அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் நாலாம் வரிசை வாட ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆராய்ச்சி சரியான பாதையில் போகிறது!

செல்வி அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் கட்டடத்தில் மாடியும் படியும் பெருக்கி, மூன்று வீடுகளில் வேலையும் செய்பவர். கால்வாய் ஓரக் குடிசைகளை எடுத்தபோது அவர் குடும்பத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திவிட்டார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். துடைப்பத்தோடு நின்று பார்த்தார்.

"இன்னா பாப்பா, இத்த இப்டி வாட வுட்டுக்கினு கீற?"

"வாடணும்க்கா. இது ஆராய்ச்சி."

"வாடணுமா? அப்ப இன்னாத்துக்கு நட்ட?"

சிரித்து வைத்தேன். மேதைகள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைப்பு.

மறுநாள் மாலை கோபாலன் மாமா பிடித்துக்கொண்டார். இரண்டாவது மாடிக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அடுக்ககச் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர். சர்க்கரைக்காக மாடியில் ஐம்பது சுற்று நடப்பார். என்னை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்தவர்.

"வித்யா, அந்தக் கடைசி வரிசை வாடிண்டிருக்கே. ஒரு வாய் ஜலம் விடப்படாதோ?"

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. பாவம், எழுபது வயது மனிதரை நிற்கவைத்து இருபது நிமிஷம் பாடம் எடுத்தேன். இலைத்துளை, நீராவிப்போக்கு, ஒப்பீட்டுக் குழு. கடைசியில் சொன்னேன், "மாமா, இது சயின்ஸ். பரிதாபப்பட்டா சயின்ஸ் நடக்காது. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"சரிம்மா," என்று மீதிச் சுற்றுகளை நடக்காமலேயே இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கே அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பும் போட்டேன்: 'மாடியில் முக்கிய ஆராய்ச்சி நடக்கிறது. செடிகளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.' பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். முதல் கட்டைவிரல் கோபாலன் மாமாவுடையது.

அதற்குப் பிறகுதான் அதிசயங்கள் ஆரம்பித்தன. நாலாம் வரிசை தலை தூக்கியது. வாரா வாரம் ஒரு சாண் வளர்ந்தது. இலை கரும்பச்சை, தண்டு என் கட்டைவிரல் பருமன். மூன்றாம் வரிசை முதலில் யூரியாவில் கருகி, பிறகு அதுவும் சுமாராகத் தேறியது. நான் ராஜ உபசாரம் செய்த முதல் வரிசை மட்டும் வெளிறிப்போய், மஞ்சள் காமாலை வந்தது போல நின்றது. தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டி ஒரு பக்கெட்டை இரண்டாக்கினேன். ஊற்றிய தண்ணீர் பையின் ஓட்டைகள் வழியே ஓடி, மழைநீர்க் குழாயில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

அதே சமயத்தில் கீழே அந்தக் குழாய் வந்து முடிகிற இடத்தில் நின்ற முருங்கை மரம் பேயாட்டம் ஆடியது. மாமா அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்: 'நம் முருங்கை இவ்வருஷம் அமோகம்.' வீட்டுக்கு வீடு முருங்கைக்கீரை அடை. நானும் நாலு அடை சாப்பிட்டேன். என் யூரியாவைத்தான் சாப்பிடுகிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் ஒரு மாதிரி வாடை அடிக்கும். அதையும் விடாமல் நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'கால்வாய் நாற்றம். காற்றின் திசை கிழக்கு.' கால்வாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் நாறவேண்டும் என்று ஒரு விஞ்ஞானி கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் நாலாம் வரிசையில் கதிர் வந்து பால் பிடித்தது. முதல் வரிசையில் வந்த கதிர்கள் பல் துலக்கும் பிரஷ் அளவு இருந்தன. யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்ற சந்தேகம் ஒரு நிமிஷம்கூட எனக்கு வரவில்லை. வந்தது ஒரு தத்துவம். கடற்காற்றின் ஈரத்தைச் சோளம் இலை வழியாகக் குடிக்கிறது. பட்டினி போட்டால் காற்றிலிருந்தே தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது! இதற்கு 'மந்தைவெளி விளைவு' என்று பெயரும் வைத்தேன். அறிக்கையில் அது தனி அத்தியாயம்.

கைடு மேடம் அந்த அத்தியாயத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வித்யா, யாராவது தண்ணி ஊத்தறாங்களான்னு பாத்தியா?"

"குரூப்ல நோட்டீஸே போட்டிருக்கேன் மேடம். பதினோரு பேர் தம்ஸ்அப்."

மேடம் பெருமூச்சு விட்டார். "வெளித் தேர்வாளர் வாழ்க்கை முழுக்க மானாவாரிச் சோளத்துல வேலை பாத்தவர். வைவாவுக்கு முன்னாடி உன் செடியை நேர்ல பாக்கணும்கறார். ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. அவர் கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காது, ஞாபகம் இருக்கட்டும்."

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்தேன். குழுவில் மறுபடி அறிவிப்பு: 'ஞாயிறு பதினோரு மணிக்குப் பெரிய விஞ்ஞானி ஒருவர் நம் மாடிக்கு வருகிறார். பதினோரு மணி முதல் யாரும் மேலே வர வேண்டாம்.'

பெரிய விஞ்ஞானி பறக்கும் ரயிலில் வந்து பத்தே காலுக்கே இறங்கிவிட்டார். கைகளை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, தெற்கத்திப் பேச்சு. தண்ணீர்கூடக் குடிக்காமல், "மொதல்ல பயிரைக் காட்டுங்கம்மா," என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க, அவர் நான்கு வரிசையையும் மெதுவாகச் சுற்றினார். முதல் வரிசையின் கீழே தரையில் ஓடியிருந்த உப்புக் கறையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். எட்டிக் கீழே முருங்கையைப் பார்த்தார். பிறகு நாலாம் வரிசைக்கு வந்து குனிந்தார்.

"இதுக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?"

"ஒன்பது நாள் சார்."

ஆள்காட்டி விரலைப் பை மண்ணுக்குள் விட்டு எடுத்தார். விரலில் சேறு. மூன்று மாதமாக அளவு நாடா, தராசு, வெப்பமானி எல்லாம் வைத்திருந்த எனக்கு, விரலை விட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அவர் அந்த விரலை மோந்து பார்த்தார்.

"மீன் வாடை அடிக்கே?"

"கால்வாய் சார். கிழக்குக் காற்று," என்றேன்.

அப்போதுதான் மாடிக் கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பச்சை பக்கெட்டோடு கோபாலன் மாமா. எங்களைப் பார்த்ததும் பக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பாதித் தண்ணீர் வேட்டியில்.

"பதினோரு மணின்னு போட்டிருந்தியே," என்றார் என்னிடம், நான்தான் தப்பு செய்தது போல.

"வாங்க சார்," என்றார் தேர்வாளர். "அது என்ன பக்கெட்?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஏசிலேர்ந்து சொட்டற ஜலம் சார். ரொம்ப சுத்தம். ஏசி போடறதுக்கு முன்னாடி குழாய் ஜலம். தினம் காலம்பற ஒரு பைக்கு ஒண்ணரை டம்ளர். இன்னிக்குப் பெரியவர் வரேளேன்னு, கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு..." இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "தேதி வாரியா எழுதிண்டு வரேன். மூணாம் வரிசைக்கு அரை டம்ளர். அது கருகிண்டிருந்தது, பாக்க சகிக்கலை."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மறுபடி திறந்தது. மூடி போட்ட பெயின்ட் வாளியோடு செல்வி அக்கா.

"இன்னா, அல்லாரும் இங்கியே கீறீங்க? பதினொண்ணுக்குத் தான வர்றாங்கன்னு சொன்னாங்கோ?"

"வாளியில என்ன தாயி?" என்றார் தேர்வாளர்.

"மீன் கழுவுன தண்ணி சார். கீழ் வூட்ல நாயித்துக்கெழம மீனு. கழுவிட்டு இத்துக்கு ஊத்துவேன். வாய்க்கா ஓரமா எங்க வூடு இருந்தப்போ இத்த ஊத்திதான் கருவேப்பில மரம் அப்டி வச்சினு இருந்தேன். செடி பட்டினியா கெடந்தா வயிறு எரியுது சார்."

மாமாவின் முகம் வெளுத்தது. "மீனா? ஏண்டியம்மா, நான் தினம் இதைத் தொட்டுண்டுன்னா இருந்தேன்?"

"நீ ஊத்துறது எனக்கு இன்னா தெரியும் சாமி? நான் ஒருத்திதான் ஊத்துறேன்னு நென்ச்சிக்கினு கீறேன்!"

இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது முறையாகக் கதவு திறந்தது. யார் வந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். கையில் குண்டான். எங்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பினாள்.

"அம்மா!"

"கிரைண்டர் கழுவின தண்ணிடி. உளுந்து மாவு. வீணா சிங்க்ல போகுதேன்னு..." என்றாள் அம்மா, கதவைப் பார்த்துக்கொண்டே. "வாரத்துல ரெண்டு நாள்தான்."

தேர்வாளர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு மாமாவின் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். "இந்த மாடியில நம்பிக்கையான நோட்டு இது ஒண்ணுதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"இவங்க மூணு பேரும் அளவாத் தண்ணி விட்டு, சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. சோளத்துக்கு அப்படித்தான் கொடுக்கணும். நீங்க யூரியா மொத்தத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டு, மேல பக்கெட் பக்கெட்டா ஊத்தி, எல்லாத்தையும் முருங்கைக்கு அனுப்பிட்டீங்க. தண்ணியும் தழைச்சத்தும் ஜோடி போட்ட மாடு மாதிரி. ஒண்ணு ஓடி ஒண்ணு நின்னா வண்டி குடை சாஞ்சிரும்."

"சார், கையெழுத்து?"

"இதுல எப்படிம்மா போடுவேன்? மறுபடி விதைங்க."

விதைத்து அறுக்க இன்னும் நூறு நாள். மே முடிய ஐந்து வாரம். அவர் படியிறங்கியதும் நான் அந்த மூன்று பேரையும் நிற்கவைத்துக் கத்தினேன். "உங்களாலதான் என் வேலை போச்சு! யார் உங்களைக் கேட்டா?" செல்வி அக்கா வாளியைப் பார்த்தார். அம்மா குண்டானைப் பார்த்தாள். மாமா மட்டும் மெதுவாக, "கேக்காமதான் விட்டோம்மா, தப்புதான்," என்றார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது.

விதைப் பண்ணைக்குப் போன் செய்தேன். வேறு ஒருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அறையைச் சாத்திக்கொண்டு படுத்தேன். குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை கதவுக்கு வெளியே ஒரு டவரா டம்ளரில் மாமா வீட்டு டிகிரி காப்பி இருந்தது. மத்தியானம் ஒரு டிபன் டப்பா, உள்ளே நெத்திலி வறுவல். ராத்திரி கதவிடுக்கில் அம்மாவின் கை மட்டும் வந்து தயிர்சாதம் வைத்துவிட்டுப் போனது. யாரும் கதவைத் தட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது நாளும் வந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் எனக்கும் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுது முடித்துவிட்டு நெத்திலி மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுபடி விதைத்தேன். இந்தமுறை மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவரையே பாசன அதிகாரியாக நியமித்தேன். யூரியாவை மூன்று தவணையாகப் பிரித்துப் போட்டோம். முதல் வரிசை நிஜமாகவே ஆள் உயரம் வந்தது. நாலாம் வரிசை முழங்காலைத் தாண்டவில்லை. அதைப் பார்க்காமல் இருக்க மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார். செல்வி அக்கா அந்தப் பக்கம் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பெருக்கினார். அறிக்கை முப்பது பக்கம், மந்தைவெளி விளைவு இல்லை. தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். நன்றியுரையில் கோபாலன் மாமாவின் நோட்டுக்குத் தனியாக ஒரு வரி.

கோயம்புத்தூர் போகவே இல்லை. இப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பில் எல்லோரையும் தொட்டி மண்ணில் விரலை விடச் சொல்கிறேன், ஏன் என்று சொல்வதில்லை. ஸ்வெட்டர்கள் இரண்டும் பீரோவில் இருக்கின்றன.

என் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடியும்வரை பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். மேடைக்கு முன்னாலிருந்து, மைக்கே தேவையில்லாத குரலில் மாமா கத்தினார், "யாராவது நாலாம் வரிசைக்கு ஜலம் குடுங்கோளேன், வாடிண்டிருக்கு!" மாப்பிள்ளை வீட்டார் குழம்பிப்போனார்கள். என் கணவருக்கு அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியிலேயே முழுக்கதையும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் சுருண்டு படுத்தாலும் அவர் நாலாம் வரிசைதான்.

மாமா இப்போது திருவான்மியூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அடுக்ககக் குழுவை விட்டு மட்டும் வெளியேறவில்லை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நானும்தான். போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். கணவர் வெளியூரில். அம்மாவுக்குப் போனில் சொன்னேன், அவள் மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாள். பத்து நிமிஷத்தில் குழுவில் ஒரு வரி வந்தது: 'நாலாம் வரிசை வாடிண்டிருக்காம்.'

பதினோரு கட்டைவிரல். மத்தியானத்துக்குள் வாசலில் ரசம், கஞ்சி, இட்லி என்று ஐந்து பாத்திரங்கள். ஆறாவதைச் செல்வி அக்காவே கொண்டுவந்தார். திறந்தால் மீன் குழம்பு.

"காய்ச்சல்ல மீனாக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? கோபாலன் சாமிதான் போன் பண்ணிச்சு. ரசமே குட்த்தாப் பத்தாது, வாரத்துக்கு ஒரு தபா உன் வாளியும் வேணும்னு அவுரு பழைய நோட்ல போட்டுக்கிதாம்."